நாடகத்தைக் குடும்பப் படமா எழுதணுமா? முதல்ல கதவை எண்ணுங்க

கைல ஒரு நல்ல நாடகம் இருக்கு, ஒரே வீடு, அஞ்சாறு பேரு, பேசிப் பேசியே ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஓடுது, மேடைல பாத்தவங்க கண்ணைத் துடைச்சிட்டுத்தான் வெளிய வர்றாங்க. சரி இதைப் படமா பண்ணலாம்னு உக்காந்தா முதல் நாளே யாராவது ஒருத்தர் சொல்லிடுவாரு, "நாடகம் மாதிரியே இருக்கும் பாஸ், கொஞ்சம் வெளிய எடுத்துட்டு போங்க"ன்னு. நம்மாளும் பயந்து போய் ஒரு பீச் சீன், ஒரு கோயில் சீன், ஆபீஸ்ல ரெண்டு சீன், பையன் பைக்ல போற மாதிரி ஒரு பாட்டுன்னு எழுதித் தள்ளிடுவாரு. கடைசில எடுத்து முடிச்சுப் பாத்தா நாடகத்துல இருந்த அழுத்தம் மொத்தமா போயிருக்கும், ஆனா அந்த நாடகத்தனம் மட்டும் அப்படியே உக்காந்திருக்கும். அது நாலு சுவரால வர்ற வியாதின்னு நினைச்சு மருந்து குடுத்தா இப்படித்தான் ஆகும். கண்ணுக்கு ஏற்கனவே தெரியறதை வாயாலயும் சொல்றாங்கல்ல, வியாதி அங்க இருக்கு.

நான் இங்க சொல்லப் போறது குறும்படமோ சின்ன பட்ஜெட் படமோ எழுதறவங்களுக்கு. உதாரணத்துக்கு ஒரே ஒரு நாடகத்தை முழுசா பிரிச்சுப் பாப்போம், லொரெய்ன் ஹான்ஸ்பெர்ரி எழுதின "எ ரைசின் இன் தி சன்". 1959ல நியூயார்க்கோட பெரிய நாடக மேடையான பிராட்வேல வந்தது, ஒரு கறுப்பினப் பெண் எழுதின நாடகம் பிராட்வே மேடை ஏறினது அதான் முதல் தடவை, அப்போ அவங்களுக்கு வயசு 28. 1961லயே படமாவும் வந்துடுச்சு, டேனியல் பெட்ரி டைரக்ஷன், சிட்னி பாய்ட்டியே ஹீரோ, திரைக்கதை ஹான்ஸ்பெர்ரியே எழுதினாங்க. இதை ஏன் எடுத்தேன்னா நாடகப் புத்தகமும் கிடைக்குது, படமும் கிடைக்குது, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கலாம், இதை விட நல்ல பாடப்புத்தகம் கிடையாது.

கதை சுருக்கமா இவ்ளோதான். சிகாகோ சவுத் சைட்ல ஒரு இருண்ட சின்ன அபார்ட்மெண்ட், அதுல யங்கர் குடும்பம், அஞ்சு பேரு. அப்பா இறந்துட்டாரு, அவர் இன்சூரன்ஸ் பணம் 10,000 டாலர் வரப் போகுது. பையன் வால்டர் லீ ஒரு வெள்ளைக்காரர்கிட்ட கார் டிரைவர், அவனுக்கு அந்தப் பணத்துல சாராயக் கடை வைக்கணும். தங்கச்சி பெனீத்தாவுக்கு டாக்டருக்குப் படிக்கணும். அம்மா லீனாவுக்கு ஒரு வீடு வாங்கணும், கொஞ்சம் வெயில் வர்ற வீடு. மருமக ரூத் மறுபடி மாசமா இருக்கா, அவ பையன் டிராவிஸ் ஹால்ல சோபாலதான் படுக்கறான். அம்மா 3,500 டாலர் அட்வான்ஸ் கட்டி வெள்ளைக்காரங்க மட்டும் இருக்கற கிளைபோர்ன் பார்க் ஏரியால வீடு பாத்துடறாங்க. மிச்சத்தை மகன் கைல குடுக்க, அவன் கூட்டாளிய நம்பிப் போட, கூட்டாளி பணத்தோட எஸ்கேப். அந்த ஏரியாவுல இருந்து ஒருத்தர் வந்து நீங்க வராதீங்க, கட்டினதுக்கு மேலயே காசு தர்றோம்னு சொல்றாரு. அந்தக் காசை வாங்கறதா வேண்டாமா, அதான் க்ளைமாக்ஸ்.

மூணு தடவை படிங்க

முதல் தடவை பேனா இல்லாம சும்மா படிங்க, எங்க தொண்டை அடைக்குதுன்னு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. ரெண்டாவது தடவை சத்தமா படிங்க, வீட்ல ஆள் இருந்தா பிரிச்சுக் குடுத்துப் படிங்க, அப்பதான் எந்த வசனம் வாய்ல வருது எது வரலைன்னு தெரியும். மூணாவது தடவை ஒரு நோட்டை எடுத்துட்டு உக்காருங்க. இந்த மூணாவதுதான் வேலை.

அந்த நோட்டுல முதல் பக்கத்துல கதவுன்னு தலைப்பு போட்டு, வாசல் வழியா யார் யார் உள்ள வர்றாங்க, வரும்போது கூட என்ன கொண்டு வர்றாங்க, போகும்போது வீட்ல என்ன மாறி இருக்கு, இந்த மூணையும் வரிசையா எழுதுங்க. ஒரே வீட்ல நடக்கற எந்த நாடகமா இருந்தாலும் கதை முக்கால்வாசி கதவு வழியாத்தான் உள்ள வரும், ஏன்னா எழுதினவங்களுக்கு வேற வழி கிடையாது, உலகத்தையே அந்த ஒரு வாசல் வழியாத்தான் கொண்டு வந்தாகணும்.

ரைசின்ல இதை எழுதிப் பாத்தா அசந்து போயிடுவீங்க. தபால்காரர் மணி அடிக்கறாரு, செக் வருது. நைஜீரியால இருந்து படிக்க வந்த அசகாய் வர்றான், பெனீத்தாவுக்கு அவங்க ஊர் உடுப்பு கொண்டு வர்றான், கூடவே ஒரு புது ஆசையும் வருது. பணக்கார வீட்டுப் பையன் ஜார்ஜ் வர்றான், வால்டர் லீயோட தாழ்வு மனப்பான்மை வெளிய வருது. வராதீங்கன்னு சொல்ல அந்த வெள்ளைக்காரங்க ஏரியால இருந்து லிண்ட்னர் வர்றாரு, கைல ஒரு ப்ரீஃப்கேஸ். சாராயக் கடைக்குக் கூட்டு சேந்த இன்னொருத்தன் பாபோ வர்றான், பணம் போச்சுங்கற செய்தியோட. கடைசில சாமான் ஏத்தற ஆளுங்க. இப்படி எழுதி வச்ச லிஸ்டை மட்டும் ஒரு தடவை படிச்சாலே முழுக் கதையும் தெரிஞ்சுடும். இதுல இன்னொரு விஷயம் கவனிங்க, பல தடவை மணி அடிக்கும்போது வீட்ல இருக்கறவங்க வேற எதையோ எதிர்பாத்துட்டு இருக்காங்க. பாபோ வரும்போது கடை விஷயமா நல்ல சேதிதான் வருதுன்னு நினைச்சு வால்டர் பாடிக்கிட்டே போய்க் கதவைத் திறக்கறான். இதை நீங்க வெளி லொகேஷனுக்கு மாத்தி, பாபோவை ரோட்ல சந்திக்க வச்சா அந்த அடி விழவே விழாது, அவன் அடி வாங்க வேண்டியது குடும்பம் மொத்தமும் மூட்டை கட்டி நிக்கற அந்த ஹால்ல, அம்மா கண்ணு முன்னாடி.

அதனால ரூல் ரொம்ப சிம்பிள். கதவு லிஸ்ட்ல இருக்கற எந்த சீனையும் வீட்டை விட்டு வெளிய எடுக்காதீங்க. மிச்சத்தை வேணா யோசிக்கலாம்.

ரெண்டாவது பக்கம், காசுக் கணக்கு

குடும்ப நாடகம்னாலே எங்கயோ ஒரு பொருள் கை மாறிக்கிட்டே இருக்கும், நிலமோ நகையோ வீட்டுப் பத்திரமோ, இங்க டாலர். ஒவ்வொரு சீன்லயும் அது யார் கைல இருக்குன்னு எழுதுங்க. 10,000 வருது, 3,500 வீட்டுக்குப் போகுது, மிச்சம் 6,500. அதுல 3,000 தங்கச்சி படிப்புக்கு பேங்க்ல போடு, மீதிய நீ பாத்துக்கோன்னு அம்மா மகன்கிட்ட குடுக்கறாங்க. படிப்புக் காசையும் சேத்துத்தான் அவன் தொலைக்கறான். இந்தக் கணக்கு பாக்கறவனுக்குப் புரியலைன்னா க்ளைமாக்ஸ்ல தங்கச்சி ஏன் அவ்ளோ கேவலமா அண்ணனைப் பேசறான்னே புரியாது. படத்துல கணக்கு சொல்றது போர் அடிக்கும்னு இதை வெட்டறவங்க நிறைய பேரு, தயவுசெஞ்சு வெட்டாதீங்க.

பெரிய தொகையை விட சின்னக் காசைப் பாருங்க. நாடகம் ஆரம்பிச்சு கொஞ்ச நேரத்துலயே டிராவிஸ் ஸ்கூலுக்கு 50 சென்ட் கேக்கறான், ரூத் இல்லைன்னு சொல்லிடறா. வால்டர் வீம்புக்கு 50 சென்ட் குடுத்துட்டு, மேல இன்னொரு 50 சென்டும் குடுக்கறான், பொண்டாட்டியப் பாத்துக்கிட்டே. பையன் போனப்புறம் கொஞ்ச நேரத்துல, வேலைக்குப் போக பஸ் காசு இல்லைன்னு அதே பொண்டாட்டிகிட்ட திரும்பி வந்து கை நீட்டறான். எங்க வீட்லயும் இப்படி ஒருத்தர் உண்டு, உங்க வீட்லயும் இருப்பாரு. ஒரு பக்கம் கூட வராத இந்த விஷயத்துல அவனோட மொத்த கேரக்டரும் இருக்கு, கடைசில 6,500ஐயும் இவன் இப்படித்தான் தொலைப்பான்னு அப்பவே சொல்லியாச்சு. நீங்க எழுதப் போற நாடகத்துலயும் இந்த மாதிரி ஒரு சில்லறைக் காசு சீன் இருக்கும், தேடுங்க, அது கிடைச்சா படத்தோட முதல் பத்து நிமிஷம் கிடைச்ச மாதிரி.

வெளிய போகணும்னா எங்க போகலாம்

வெளியவே போகக் கூடாதுன்னு நான் சொல்லல. மூணாவது பக்கத்துல, மேடைல காட்டாம வாயால மட்டும் சொல்ற இடங்களை எல்லாம் எழுதுங்க. வால்டர் மூணு நாள் வேலைக்குப் போகாம சுத்தினது, அவன் உக்காந்திருந்த பார், அம்மா போய்ப் பாத்த புது வீடு, ரூத் போன டாக்டர் வீடு. இதுல எதைக் காட்டறது எதைக் காட்டக் கூடாதுங்கறதுதான் முடிவு.

1961 படத்துல கேமரா பாருக்குப் போகுது, புது வீட்டுக்கும் போகுது. பார் எனக்கு சரின்னு தோணுது, ஏன்னா அந்த நெருக்கடி வீட்ல அவனுக்கு மூச்சு விட இடமே இல்லைங்கறது அவன் வேற ஒரு இடத்துல உக்காந்திருக்கறதைப் பாத்தாத்தான் உறைக்கும். புது வீட்டைக் காட்டினது எனக்குப் பிடிக்கல. நாடகத்துல அந்த வீட்டை நாம கடைசி வரைக்கும் பாக்கவே மாட்டோம், அம்மா வாயால கேக்கறதோட சரி, அதனால ஒவ்வொருத்தனும் அவனவன் மனசுல ஒரு வீட்டைக் கட்டி வச்சிருப்பான். காட்டினவுடனே அது வெறும் ஒரு வீடு ஆயிடுது. இதுல உங்களுக்கு வேற அபிப்பிராயம் இருக்கலாம், அந்த இடம் எவ்ளோ வெளிச்சமா இருக்குன்னு கண்ணால பாத்தாத்தான் இழப்பு புரியும்னு வாதம் பண்ணறவங்களும் உண்டு. முடிவு எதுவா இருந்தாலும் காரணத்தோட எடுங்க, நாடகம் மாதிரி இருக்குன்னு சொல்லிடுவாங்களேங்கற பயத்துல எடுக்காதீங்க.

ஹான்ஸ்பெர்ரி திரைக்கதைல வீட்டுக்கு வெளிய சிகாகோவைக் காட்டற மாதிரி புது சீன்கள் நிறைய எழுதினாங்க, கம்பெனி அதுல பெரும்பகுதியை வெட்டிடுச்சு. படமாகாத அந்த முழு ஸ்க்ரிப்ட் பின்னாடி 1992ல தனிப் புத்தகமா வந்துச்சு, திரைக்கதை கத்துக்கறவங்க கண்டிப்பா தேடிப் பிடிச்சுப் படிக்கணும், ஒரே ஆள் தன்னோட நாடகத்தைத் தானே எப்படிப் பிரிச்சு மேயறாங்கன்னு பாக்கறதுக்கு.

வெளிய போறதுக்கு இன்னொரு அழகான வழி, ஓகஸ்ட் வில்சனோட "ஃபென்சஸ்". அது பிட்ஸ்பர்க்ல ஒரு வீட்டுக் கொல்லைப்புறத்துலயே முழுசா நடக்கற நாடகம். 2016ல டென்சல் வாஷிங்டன் எடுத்த படம் குப்பை வண்டில ஆரம்பிக்குது, ஹீரோ டிராயும் அவன் ஃப்ரெண்டு போனோவும் வண்டி பின்னாடி தொங்கிக்கிட்டுப் பேசிட்டு வர்றாங்க. நாடகத்துல கொல்லைல நின்னு பேசற பேச்சுதான், இடம் மட்டும்தான் மாறியிருக்கு. அவங்க என்ன வேலை பாக்கறாங்கன்னு யாரும் சொல்லவே வேண்டாம், கண்ணுல தெரியுது. குப்பை அள்ளறது கறுப்பங்க, வண்டி ஓட்டறது வெள்ளைக்காரங்கன்னு டிராய் புகார் பண்றதுதான் அந்தப் பேச்சோட விஷயமே, அதனால வண்டில நின்னு பேசறது சும்மா லொகேஷன் மாத்தினதா இல்ல.

வெளிய போகவே முடியாத நிலைமைல எடுத்த படமும் உண்டு. சத்யஜித் ரே ஹார்ட் அட்டாக் வந்து எழுந்தப்புறம் வெளிப்புற ஷூட்டிங் கூடாதுன்னு டாக்டருங்க சொல்லிட்டாங்க, அவரு நார்வே நாடகாசிரியர் இப்சனோட நாடகத்தை எடுத்து ஸ்டூடியோவுக்குள்ளயே "கணசத்ரு"ன்னு 1989ல படமாக்கினாரு, அசல்ல குளியல் தண்ணி கெட்டுப் போனதை கோயில் தீர்த்தமா மாத்தி. ரேயோட சிறந்த படம்னு யாரும் சொல்ல மாட்டாங்க, நானும் சொல்ல மாட்டேன், ஆனா சின்ன பட்ஜெட்காரங்க ஒரு தடவை பாக்கணும்.

வீட்டோட வரைபடம்

எழுத உக்காரதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல வீட்டை வரைங்க. எது வாசல், கிச்சன்ல நின்னா ஹால் தெரியுமா, யார் எங்க படுக்கறா, பாத்ரூம் எங்க. சிரிக்காதீங்க, ரைசின்ல பாத்ரூம் வெளிய வராந்தால, பக்கத்து வீட்டுக்காரங்களோட பொதுவா இருக்கு, காலைல எழுந்தா முதல் சண்டையே யார் முதல்ல போறதுன்னுதான். பையன் ஹால்ல படுக்கறதால பெரியவங்க ராத்திரி பேசிட்டு இருந்தா அவன் தூங்க முடியாது. இட நெருக்கடிய வசனத்துல ஒரு வார்த்தை சொல்லாம காட்டறது இப்படித்தான்.

நம்ம ஊர்ல பாலசந்தர் இதுல கில்லாடி. "எதிர்நீச்சல்" மேடை நாடகமா இருந்து 1968ல படமாச்சு, பல குடித்தனம் இருக்கற ஒரு வீடு, மாடிப்படிக்குக் கீழ மாதுவா நாகேஷ். மாது யாருமில்லாத பையன்னு சொல்றதுக்கு தனியா ஒரு சீனே வேண்டாம், அவன் படுக்கற இடம் சொல்லிடுது.

நிஜ வீட்ல எடுக்கறதா இருந்தா ஒரு எச்சரிக்கை. ரொம்ப சின்ன வீடு பிடிச்சா கேமரா வைக்க இடம் இருக்காது, பெருசா பிடிச்சா நெருக்கடி போயிடும். பாக்கறதுக்குச் சின்னதா, ஆனா ஒரு சுவர் இல்லாத வீடு, இல்லைன்னா பெரிய ஜன்னல் இருந்து வெளில இருந்து எடுக்க முடியற வீடு, அந்த மாதிரி தேடுங்க. காசு இருந்தா செட் போட்டுடுங்க, சுவரைக் கழட்டி மாட்டலாம்.

வசனம் வெட்டற விதம்

இங்கதான் எல்லாரும் சறுக்கறது. நாடக வசனத்துல மூணு வகை இருக்கு. ஒண்ணு, கடைசி வரிசைல உக்காந்திருக்கறவனுக்குப் புரியறதுக்காக எழுதினது, "என்ன உன் கை இப்படி நடுங்குது"ங்கற மாதிரி. க்ளோஸ்அப் இருக்கும்போது இது தேவையே இல்ல, யோசிக்காம வெட்டுங்க. ரெண்டு, நடந்து முடிஞ்ச கதைய சொல்றது. இதைப் பாதியா குறைங்க, முழுசா எடுத்துட்டு ஃப்ளாஷ்பேக் போடாதீங்க, அதுல ஒரு குழி இருக்கு. லீனா இறந்து போன புருஷனைப் பத்திப் பேசும்போது நமக்கு வேண்டியது அந்தப் பெரியவர் மூஞ்சி இல்ல, பேசற லீனா மூஞ்சி. ஃப்ளாஷ்பேக் போட்டா இளமையான ஒரு நடிகரும் விக்கும்தான் மிஞ்சும்.

மூணாவது வகை, ஒருத்தரை ஒருத்தர் குத்தறது. அதுல கை வைக்காதீங்க. திரும்பத் திரும்ப வந்தாலும் கை வைக்காதீங்க. வால்டர் தன்னோட கனவைப் பத்திப் பேச வரும்போதெல்லாம் ரூத் முட்டையைச் சாப்பிடுன்னு சொல்றா, எடிட்டருக்கு அது ஒரே விஷயம் மறுபடி மறுபடி வர்ற மாதிரி தெரியும். அதான் அங்க சண்டையே.

குரலை உயர்த்தாம பேசறவங்களை நல்லா கவனிச்சு எழுதுங்க. அந்த நாடகத்துல ரொம்ப பயங்கரமான ஆளு லிண்ட்னர், அவரு ஒரு கெட்ட வார்த்தை பேச மாட்டாரு, அதட்ட மாட்டாரு, ரொம்ப மரியாதையா, கொஞ்சம் கூச்சத்தோட, ஏரியாவுல எல்லாரும் ஒத்துமையா இருக்கணும்னு நல்லது சொல்ற மாதிரியே பேசுவாரு. குடும்பத்துக்கும் அவரு என்ன சொல்ல வர்றாருன்னு புரிய நேரம் ஆகுது. நம்ம ஆளுங்க தமிழ்ல இதை எழுதினா உடனே அவருக்கு மீசையும் அடியாளும் குடுத்துடுவாங்க.

நம்ம ஊருக்கு மாத்தறதா இருந்தா இந்த இடத்துல இன்னும் ஜாக்கிரதை வேணும். அந்த நாடகத்தோட எலும்பு நிறவெறி, மாமியார் மருமக சண்டை கிடையாது. ஹான்ஸ்பெர்ரியோட அப்பாவே சிகாகோல வெள்ளைக்காரங்க ஏரியால வீடு வாங்கி, வழக்கு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு, 1940ல தீர்ப்பு வந்துச்சு. அந்த எலும்பை எடுத்துட்டு வெறும் பாசக் கதையா பண்ணினா கைல ஒண்ணும் நிக்காது. அதுக்குச் சமமா இங்க என்னன்னு நேர்மையா கேளுங்க. நீங்க என்ன ஆளுங்கன்னு கேட்டுட்டு வீடு இல்லைன்னு சொல்ற ஊர்ல இருந்துக்கிட்டு, சமமா எதுவும் தோணலைன்னா அந்தக் கதைய எழுதாதீங்க, வேற நாடகம் எடுங்க.

புதுசா ஆளைச் சேக்கலாமா

சேக்கலாம், ஆனா அந்த ஆளு வீட்டுக்குள்ள சுதந்திரமா நடமாடறவரா இருக்கணும். விசுவோட "உறவுக்குக் கை கொடுப்போம்" நாடகம் 1975ல அதே பேர்ல படமா வந்து எடுபடல. அதே கதைய அவரு பத்து வருஷம் கழிச்சு ஏவிஎம்ல சொன்னப்போ, கதை ரொம்ப இறுக்கமா இருக்கு, சிரிக்க ஒரு கேரக்டர் சேருங்கன்னு சரவணன் சொல்ல, அப்படி வந்தவங்கதான் வேலைக்காரி கண்ணம்மா, மனோரமா. 1986ல "சம்சாரம் அது மின்சாரம்" என்ன ஆச்சுன்னு உங்களுக்கே தெரியும். கண்ணம்மா காமெடிக்கு மட்டும் வந்தவ இல்லைங்கறதைப் பாருங்க, வீட்டுக்கு நடுவுல கோடு போட்டு குடும்பமே ரெண்டா நிக்கும்போது, யார் பக்கமும் சேராம சம்பந்தி வீட்டுக்காரனை மடக்க அவளால முடியுது. சொந்தக்காரங்களால செய்ய முடியாததைச் செய்யறதுக்கு ஒரு ஆளு, அதான் சேக்கறதுக்கு உரிய காரணம். ஹீரோவோட ஃப்ரெண்டு ஒருத்தன் வந்து பஞ்ச் அடிக்கறதுக்கு இல்ல.

நீளப் பேச்சும் இடைவேளையும்

நாடகத்துல ஒருத்தர் நின்னு ரெண்டு மூணு நிமிஷம் பேசற இடம் கண்டிப்பா இருக்கும். அதை எழுதும்போது, கேக்கறவங்க யாருன்னு ஸ்க்ரிப்ட்லயே எழுதி வைங்க. க்ளைமாக்ஸ்ல வால்டர் லிண்ட்னர்கிட்ட பேசறான், ஆனா அம்மா டிராவிஸை அங்கயே நிக்க வச்சுடறாங்க, உன் பையன் பாக்கட்டும்னு. காசை வாங்கிக்கறேன்னு சொல்ல இருந்தவனுக்கு பையன் முன்னாடி அந்த வார்த்தை வர மாட்டேங்குது. அந்தப் பேச்சுல பாதி ஷாட் பையன் மேல இருக்கணும். ஃபென்சஸ்ல டிராயோட பொண்டாட்டி ரோஸ் தன்னோட பதினெட்டு வருஷத்தைப் பத்தி வெடிக்கற இடத்துல நேர்மாறு, அங்க வயோலா டேவிஸ் மூஞ்சிய விட்டு நகரக் கூடாது, கண்ணும் மூக்கும் ஒழுக துடைக்கக் கூட இல்லாம பேசறாங்க, அதுக்கு ஆஸ்கரும் வந்துச்சு. ரெண்டும் சரி. பேசறவங்க சொல்லித் தீக்கறாங்களா, பேசப் பேச மாறறாங்களா, அதைப் பாத்து முடிவு பண்ணுங்க.

இடைவேளை பத்தி ரொம்ப யோசிக்காதீங்க. நாடகத்துல திரை விழற இடம் ஏற்கனவே நல்ல இடமாத்தான் இருக்கும். ஒண்ணே ஒண்ணு, திரை விழறதுக்கு முன்னாடி கைதட்டல் வாங்க எழுதின கடைசி வரியை மட்டும் எடுத்துடுங்க.

நடிகருங்க

மேடைல நடிச்சவங்களையே போடலாமா? தாராளமா. ரைசின் படத்துல பாய்ட்டியே, கிளாடியா மக்நீல், ரூபி டீ, டயானா சாண்ட்ஸ் எல்லாருமே பிராட்வேல அதே ரோல் பண்ணினவங்க. டென்சலும் வயோலாவும் 2010ல மேடைல பண்ணிட்டுத்தான் படத்துக்கு வந்தாங்க. சிவாஜி "வியட்நாம் வீடு" பத்மநாப ஐயரை மேடைல பண்ணிட்டு 1970ல படத்துல பண்ணினாரு. நூறு தடவை பேசின வசனம் ரத்தத்துல ஊறி இருக்கும், அதை விலை குடுத்து வாங்க முடியாது. கஷ்டம் குரல்ல மட்டும்தான். மேடைக்காரங்களை ஒரு சின்ன ரூம்ல, எதிர்ல இருக்கறவங்களுக்கு மட்டும் கேக்கற சத்தத்துல முழு நாடகத்தையும் ஒரு நாள் பேச வைங்க. கூடவே கைக்கு ஒரு வேலை குடுங்க, துணி தேய்க்கறது, காய் நறுக்கறது, கரப்பான்பூச்சி மருந்து அடிக்கறது. கை வேலைல இருந்தா குரல் தானா இறங்கும்.

ரைட்ஸ்

இதைக் கடைசில சொன்னாலும் நீங்க முதல்ல பண்ணணும். நம்ம நாட்டுச் சட்டப்படி எழுதினவர் உயிரோட இருக்கற வரைக்கும், அவர் போனப்புறம் 60 வருஷமும் உரிமை உண்டு. பம்மல் சம்பந்த முதலியார் 1964ல காலமானாரு, அந்த 60 வருஷம் முடிஞ்சாச்சு. இப்சன் 1906லயே போயிட்டாரு, ஆனா நீங்க கைல வச்சிருக்கற தமிழ் மொழிபெயர்ப்பு யாரோடதுன்னு பாருங்க, அதுக்குத் தனியா உரிமை இருக்கு. சபாவுல மேடையேத்த அனுமதி வாங்கி வச்சிருக்கறது படம் எடுக்க அனுமதி ஆகாது, ரெண்டும் வேற வேற. எழுத்துல வாங்குங்க, எந்த மொழி, தியேட்டரா ஓடிடியா யூட்யூபா, எத்தனை வருஷம், எந்த நாடுகள்னு எல்லாம் எழுதிடுங்க. காலம் எழுதலைன்னா சட்டம் அஞ்சு வருஷம்னுதான் எடுத்துக்கும், நாடு எழுதலைன்னா இந்தியா மட்டும்னு எடுத்துக்கும், அப்புறம் வெளிநாட்டு ரிலீஸ் வரும்போது தலைல துண்டு போட்டுக்கணும். எழுதினவர் நமக்குத் தெரிஞ்சவரா இருந்தா சங்கடப்பட்டுட்டு வாய் வார்த்தையோட விட்டுடுவோம், அங்கதான் பின்னாடி சண்டை வரும். கையெழுத்து வாங்கும்போதே டைட்டில்ல அவர் பேர் எங்க வரும், எந்த சைஸ்ல வரும்ங்கறதையும் ஒரு வரி சேத்துடுங்க, காசைப் பத்திப் பேசறதை விட நாடகக்காரங்க அதைத்தான் முதல்ல கேப்பாங்க.